நீலம் மறையும் நேரம்

சதுரமான சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீலச் சாயம் இருக்கும். அதில் ஒரே ஒரு சொட்டு விடுவேன். தேன் நிறத்தில் இருக்கும் அந்தச் சொட்டு. குப்பியை ஒரு முறை கவிழ்த்து நிமிர்த்தி, ஒளிமானிக்குள் வைத்துவிட்டு ஸ்டாப் வாட்சை அழுத்துவேன். முள் நகரத் தொடங்கும். நீலம் வெளிறும், இன்னும் வெளிறும், பிறகு குப்பியில் இருப்பது வெறும் தண்ணீரோ என்று தோன்றும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை. பார்க்க வந்தவர்கள் யாரும் இரண்டாவது தடவை பார்க்கக் கேட்டதில்லை. எனக்கோ இன்றுவரை அலுக்கவில்லை.

அந்தச் சொட்டில் இருப்பது சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற என்சைம். முதல் தடவை வீட்டில் பெயரைச் சொன்னபோது, தோல் பட்டறையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "சாமி பேரு கணக்கால்லா நீளமா இருக்கு" என்றார். உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று நுண்ணிய அறைகள் உண்டு. தின்ற சோறு கடைசியில் சக்தியாக மாறுவது அங்கேதான். இந்த என்சைம் அந்த அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கே வருகிற சக்சினேட் என்ற பொருளிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பறித்து அடுத்த கைக்குக் கொடுக்கும். எங்கள் குழாயடியில் குடம் கைமாறுகிற மாதிரி. சுவரிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்து எடுத்த பிறகும் பழக்கம் விடாது. அடுத்த கை இல்லாவிட்டால் நாங்கள் சக்சினேட் கலந்து ஊற்றுகிற நீலச் சாயத்திடம் கொடுத்துவிடும். வாங்கிக்கொண்ட சாயம் நிறத்தை இழக்கும். நீலம் எவ்வளவு வேகமாக மறைகிறதோ அவ்வளவு நன்றாக என்சைம் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

ஓயாமல் வேலை செய்கிற தசையில்தான் இது நிறைய இருக்கும். ஆகவே இதயம் வேண்டும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு ஆட்டு இதயங்கள்.

செம்பூரில் உள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. எங்கள் தலைவர் ஒரு மராட்டியர், கறாரானவர், ஆனால் நியாயமானவர். வெளிநாட்டிலிருந்து என்சைம் தருவிக்க அந்நியச் செலாவணி கிடைக்காத காலம் அது. தொடர்ந்து மூன்று தடவை ஒரே தரத்தில் என்சைமை எடுத்துக் காட்டினால் என்னை நிரந்தரம் செய்வதாகச் சொன்னார். முடியாவிட்டால் என் மேசை, வேலைக்குக் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போகும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி எம்.எஸ்ஸி. வரை வந்தவள். அந்த மேசையை விட்டுக்கொடுப்பதாக எனக்கு உத்தேசமே இல்லை.

ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த இதயங்கள் வெயிலில் சுற்றி மதியத்துக்குத்தான் வந்து சேரும். "எங்க வீட்டுப் பக்கத்தில் விடிகாலையிலேயே கிடைக்கும், நான் கொண்டுவருகிறேன்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். வீட்டுப் பக்கம் என்றுதான் சொன்னேன். என் அக்கா கடை என்று சொல்லவில்லை.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவள். அவள் உள்ளே வந்ததில்லை. தாராவியில் எங்கள் சந்து முனையில் பலகை போட்டு ஈரல், குடல், தலை, கால் விற்கிறாள். பாந்த்ராவில் ஆடு அறுக்கும் கூடத்திலிருந்து விடிகாலையில் வருகிற வண்டிக்கு முதல் ஆளாக நிற்பாள். அவளுக்கும் அவளிடம் வாங்குகிறவர்களுக்கும் இதயம் என்றால் 'தில்'. பம்பாயில் எங்களுக்கு ஊர்ப்பேச்சோடு ஒட்டிக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்று.

"பன்னெண்டு தில்லா? படிச்சவங்க அத்தன பேரும் கறி திங்காங்களா?" என்று கேட்டாள்.

"திங்கதுக்கு இல்லக்கா."

"பெறவு? பூச போடவா?"

விவரம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாளே தவிர மறுநாள் அலுமினியத் தூக்குவாளியில் மீன்காரர் ஐஸ் போட்டு, நல்லதாகப் பொறுக்கியெடுத்த பன்னிரண்டை அடுக்கி வைத்திருந்தாள். போகிற வழியில் கடையில் நின்று அதை வாங்கிக்கொண்டு ஸயானில் பஸ் ஏறுவேன்.

முதல் தடவையே என்சைம் அபாரமாக வந்தது. கொழுப்பை நீக்கி, அரைத்து, அலசி, மணலோடு சேர்த்து இடித்து, குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வடித்துப் பிரித்துக் கடைசியில் கிடைத்த அந்தத் தேன் நிறச் சொட்டு, நீலத்தை விழுங்கிய வேகத்தைக் கண்டு தலைவர் முள்ளில் கோளாறா என்று தட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவையும் அப்படியே. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி.

என்னோடு அதே அறையில் வேலை செய்தவள் மாட்டுங்காக்காரி, என் வயதுதான். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கிற குடும்பம். இதயத்தைத் தொடுவதற்கு முன் மூக்கில் யூடிகோலோன் நனைத்த கைக்குட்டையைக் கட்டிக்கொள்வாள். கத்தியைப் பிடித்தால் என்னைவிடச் சுத்தமாகக் கொழுப்பைச் சீவுவாள்.

"எங்காத்துல கெமிக்கல் வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெரிஞ்சா அம்மா என்னைக் கிணத்துல போட்டு அலசிடுவா" என்பாள்.

"மாட்டுங்கா பிளாட்ல ஏது கிணறு?"

"அதான் இன்னும் உசிரோட இருக்கேன்."

மூன்றாவது தடவைக்கான வாளியோடு பஸ் ஏறிய அன்று அது நடந்தது. ஐஸ் உருகி, மூடியோரம் ரத்தத் தண்ணீர் கசிந்து என் புடவைக் கொசுவத்தில் பட்டிருந்தது. மாட்டுங்கா பக்கமிருந்து வருகிற பஸ். முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏறி நின்றதும் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஸயான் வந்தாச்சோன்னோ, தாராவி ஏறிண்டாச்சு" என்றாள் மற்றவளிடம். எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்தாளோ, தெரிந்தால் என்ன என்று நினைத்தாளோ தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் ஆபீஸ்காரர் இந்தியில், "என்ன வீச்சம் இது" என்று ஜன்னலைத் திறந்தார். நான் எம்.எஸ்ஸி. என்று வாய்வரை வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதி தூரத்தை நடந்தேன். ஐஸெல்லாம் உருகிப் போய்விட்டதால் அன்று வேலையே தொடங்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அழுதேன். அழுததோடு விட்டிருக்கலாம்.

"ஒன் கடை நாத்தம் என் மேலயும் ஒட்டிக்கிட்டுக்கா" என்றேன்.

அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். "சரி. இனி நாறாது. போய்க் குளி" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரமும் வாளி எப்போதும்போல் தயாராக இருந்தது. இதயங்கள் வெளுப்பாக, ரத்தக் கட்டே இல்லாமல், கல்யாண வீட்டுச் சமையலுக்குக் கழுவி வைத்ததுபோல் இருந்தன. "இன்னிக்கு எல்லாம் சமத்தா இருக்கேடி" என்று மாட்டுங்காக்காரிகூடப் பாராட்டினாள். பஸ்ஸிலும் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஜனங்களுக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என்சைம்தான் செத்துப்போயிருந்தது. அடியோடு சாகவில்லை. நீலம் மெதுவாக வெளிறி, பாதியில் சோர்ந்து நின்றுவிடும். முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருப்பேன், நகராது. மறுபடி செய்தேன். மறுபடி. கரைசல்களைப் புதிதாகக் கலக்கினேன். சாயத்தை மாற்றினேன். மணலை மூன்று தடவை கழுவினேன். அரைத்த கூழை நடுநிலைக்குக் கொண்டுவர முன்பெல்லாம் சில சொட்டுக் காரக் கரைசல் போதும். இப்போது அதைப்போல் பல மடங்கு தேவைப்பட்டது. அதையும் நோட்டில் ஒழுங்காக எழுதி வைத்தேன். எழுதினேனே ஒழிய யோசிக்கவில்லை.

தலைவர் என் நோட்டைப் புரட்டினார். முதல் இரண்டும் அதிர்ஷ்டம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். மாதக் கடைசி வரை பார்ப்போம், அதற்குள் இரண்டு தடவை தொடர்ந்து நன்றாக வராவிட்டால் மேசையை அடுத்தவருக்கு மாற்றித் தந்துவிடுகிறேன் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அதற்கடுத்த வாளியைத் திறந்த அன்று மாட்டுங்காக்காரி கைக்குட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே குனிந்தவள் அப்படியே நின்றாள். மறுபடி முகர்ந்தாள்.

"ஏண்டி, புளி வாசனை வரது."

"ஆட்டுக்குள்ள ஏது புளி?"

"சத்தியமாச் சொல்றேன். ரசத்துக்குக் கரைச்சு வெச்சாப்ல இருக்கு. கறி வாசனை எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். புளி வாசனை தெரியாதா?"

நானும் முகர்ந்தேன். எனக்கு அது வாசனையாகவே படவில்லை. எங்கள் வீட்டில் கறி என்றால் அப்படித்தான் மணக்கும். பிறந்ததிலிருந்து முகர்ந்த வாசனையை நான் எங்கே கவனிக்க?

வாளியின் அடியில் உருகிக் கிடந்த தண்ணீரில் அமிலத்தாளைத் தோய்த்தேன். ரசத்தில் தோய்த்திருந்தால் என்ன நிறம் வருமோ அந்த நிறத்துக்கு வந்தது. இந்த என்சைமுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்து ஒரு நுட்பமான கட்டு இருக்கிறது. அதைப் பற்றி அப்போதுதான் சஞ்சிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அமிலம் பட்டால் அந்தக் கட்டு குலைந்துபோகும். நான் அதைப் படித்து அடிக்கோடு போட்டும் வைத்திருந்தேன்.

அன்று நேராகக் கடைக்குப் போனேன். அக்கா பலகையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தில்ல எதுல கழுவுத?"

"எதுல கழுவுவாங்க? தண்ணியிலதான்."

"வெறுந் தண்ணியா?"

அவள் நிமிர்ந்தாள். "ஏன், இன்னைக்கும் எவளாவது எதாவது சொன்னாளா?"

"புளி போடுதியா?"

"போடுதேன். வகுந்து, புளித்தண்ணியில ஒரு மணி நேரம் ஊறப் போட்டாத்தான் கவுச்சி முழுசாப் போவும். நீ வந்து எடுக்கதுக்குள்ள மூணு தண்ணி மாத்திருவேன்." பிறகு கொஞ்சம் பெருமையோடு, "இப்ப பஸ்ஸுல ஒருத்தியும் வாயத் தொறக்கதில்லைல்லா?" என்றாள்.

இல்லை. ஒருத்தியும் திறக்கவில்லை.

சந்தில் அந்த நேரத்தில் எத்தனை பேர் போவார்கள், வருவார்கள். அந்தப் பலகை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விடியற்காலைக் குளிரில் எழுந்து, வண்டிக்கு நின்று, வாங்க வருகிறவர்களைக் காக்க வைத்துவிட்டு, என் மேல் ஒரு சொல் விழக்கூடாது என்று இவள் பன்னிரண்டு இதயங்களை ஊறப்போட்டு அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

"புளி பட்டா அது செத்துரும்க்கா."

"செத்த ஆட்டுத் தில்லு இன்னும் எங்கன போயிச் சாவும்?"

"ஆடுதான் செத்துச்சு. உள்ள இருக்கது சாவல. ஐஸ்ல வச்சா அது பாட்டுக்கு வேல பாத்துக்கிட்டு இருக்கும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். மாதக் கடைசிக் கெடுவைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். முகம் மாறிவிட்டது. "அப்ப ஒன் வேலைய நானாட்டி கெடுத்தேன்?"

"நீ இல்ல. நாத்தம்னு சொன்னேம்லா, அந்த வாய்தான் கெடுத்துச்சு."

அக்கா பலகைமேல் தண்ணீரை ஊற்றினாள். அழப்போகிறாளோ என்று பார்த்தால், கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அது எவ்வளவு நேரம் தாங்கும்? வண்டி இங்க வந்து சேரதுக்கே நேரமாவுதே. நான் ஐஸ எடுத்துக்கிட்டு பாந்த்ராவுக்கே போயிட்டா? அறுத்த சூட்டோட வாங்கிப் போட்டுரலாம்."

இந்த யோசனை எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு வந்திருக்கவில்லை.

"பெறவு நானும் ஒங்கூட வாரேன். செத்ததுக்குள்ள எது உசுரோட இருக்குன்னு நான் கண்ணால பாக்கணும்."

இரண்டு நாள் கழித்து இருவரும் ஸயானில் பஸ் ஏறினோம். வாளி அவள் மடியில். கழுவாத இதயங்கள். சூடாக வாங்கி ஐஸில் புதைத்தவை. ரத்தம் கசியத்தான் செய்தது, வீச்சமும் அடிக்கத்தான் செய்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, "க்யா ஹை டிப்பே மே?" என்று வாளியைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டான்.

"தில் ஹை, பாய்" என்றாள் அக்கா.

"கிஸ்கா?"

"பாரா பக்ரோ கா."

யாருடைய இதயம் என்று கேட்டவன், பன்னிரண்டு ஆடுகளுடையது என்றதும் சிரித்துவிட்டு மணியை அடித்தான். பின் இருக்கையில் ஓர் அம்மாள் மூக்கை மூடினாள். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்குச் சொல்வதுபோல் பஸ்ஸுக்கே கேட்கும்படி, "பாவம், அவ்வளவு நேரம் மூச்ச அடக்கினா செம்பூர் வரைக்கும் தாங்காதுட்டி. வாளிக்குள்ள தள்ளி ஐஸ்ல வச்சிருவமா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் கையை எடுத்துவிட்டாள்.

ஆய்வுக்கூட வாசலில் காவல்காரர் தடுத்தார். "மேரி பெஹன்" என்றேன், உடன்பிறந்தவள் என்று. உள்ளே தலைவர் எதிர்ப்பட்டு, சாமான் கொண்டுவருகிற அம்மாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் அக்கா, இதுவரை நான் கொண்டுவந்த இதயங்கள் எல்லாம் இவள் கடையிலிருந்து வந்தவைதான் என்றேன். புளி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நோட்டில் எழுதினாயா?" என்று மட்டும் கேட்டார்.

என்சைமை முழுதும் பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆகும். ஆனால் அரைத்த கூழிலேயே கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். கூழை நடுநிலைக்குக் கொண்டுவரச் சில சொட்டுக் காரமே போதுமாக இருந்தது. மாட்டுங்காக்காரி அக்காவுக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்கோக்கா" என்றாள். அக்கா உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நின்றாள்.

ஒளிமானிக்குள் வைத்தால் அக்காவுக்குத் தெரியாது என்று ஒரு கண்ணாடிக் குழாயிலேயே சாயத்தை ஊற்றிச் சொட்டை விட்டேன். குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தினேன். இந்தச் சொட்டும் செத்திருந்தால் நான் திரும்ப இங்கே வரப்போவதில்லை.

நீலம் வெளிறியது. நிற்கவில்லை. அக்கா கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் தெளிந்தது.

"நீலம் எங்கட்டி?"

"சாயம் அதுக்குள்ளதான் இருக்கு. நெறம் மட்டுந்தான் போயிட்டு."

"இன்னொரு தரம் பண்ணு."

இன்னொரு தரம் கேட்ட முதல் ஆள் அவள்தான். செய்தேன். அடுத்த குழாயில் மாலொனேட் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்தேன். பார்க்கச் சக்சினேட் மாதிரியே இருக்கும், ஆனால் அதிலிருந்து பறிக்க ஒன்றும் கிடையாது. என்சைம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். நீலம் நீலமாகவே இருந்தது. அதை அக்காவுக்கு விளக்கினேன்.

"ஏமாறவும் செய்யுதா? அப்ப நெசமாவே உசுருள்ளதுதான்" என்றாள்.

அந்தத் தடவை பிரித்தெடுத்த என்சைம் முதல் தடவையைவிட நன்றாக இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. மாதக் கடைசிக்கு முன்பே தலைவர் என்னைக் கூப்பிட்டு, நிரந்தர உத்தரவை மேசையில் வைத்தார். அன்று வீட்டில் அக்கா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்தபடி வெகுநேரம் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் திருத்தவில்லை.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. எங்கள் என்சைம் பம்பாயில் இன்னும் இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு ஐஸில் போகிறது. என் நோட்டில் ஒவ்வொரு தடவைக்கும் முதல் வரியில், மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். ஆரம்பத்தில் 'ஆட்டு இதயம், உள்ளூர்ச் சந்தை' என்று எழுதிவந்தேன். அந்தப் பக்கங்களை அடிக்கவில்லை. நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது என்பது விதி. அக்கா வந்துபோன நாளிலிருந்து 'ஆட்டு இதயம், என் அக்கா கடை, தாராவி. கழுவாதது' என்று எழுதுகிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்டாள். எழுதத்தான் வேண்டும் என்றேன்.